தோற்றாலும் கட்டணம் உண்டு

ஒலிவாங்கியைக் கண்டால் பேசாமல் கடந்து செல்லும் ஆற்றல் எனக்கு வாய்க்கவில்லை. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகளே இதற்குச் சாட்சி. (அவை இப்போது பரணில் இருக்கின்றன. அம்மாவின் ஏற்பாடு. காரணம் கீழே.)

பெரியம்மா மகள் ரீட்டா அக்கா வழக்கறிஞராகப் பதிவு பெற்று, மௌலா அலியில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ரயில்வே குடியிருப்புக்கு அருகே ஓர் அறையை அலுவலகமாக்கினாள். திறப்பு விழாவில் வரவேற்புரைக்காக எனக்கு ஒதுக்கியதோ இரண்டே நிமிடம். இரண்டு நிமிடத்தில் நான் அவை வணக்கத்தைக்கூட முடித்ததில்லை. எனவே, எஞ்சிய உரையை நிகழ்த்துவதற்காக, அவளுக்குத் தெரியாமல் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்றை அமர்த்தினேன்.

விழா நாள் காலையில் தெருத் தெருவாக முழங்கினேன்: "அநீதியே, அஞ்சு! வருகிறார் நீதித்தாயின் தலைமகள் ரீட்டா! நூற்றுக்கு நூறு வெற்றி உறுதி! தோற்றால் கட்டணம் இல்லை!" (இவ்வாக்குறுதிகளை அக்கா எப்போது அளித்தாள் என்று கேட்காதீர்கள். வாய்க்கு வந்தது, ஓசையும் பொருந்தியது.)

கைதட்டலை எதிர்பார்த்து வந்து இறங்கினேன். கறுப்புக் கோட்டுக்கு மேல் வெளுத்துப்போன முகத்துடன் அக்கா நின்றாள்.

"டேய், வக்கீல் விளம்பரமே பண்ணக் கூடாதுடா! தோத்தா ஃபீஸ் இல்லன்னும் பேரம் பேசக் கூடாது! பார் கவுன்சிலுக்கு யாராவது எழுதிப் போட்டா என் சன்னதே போயிடும்!"

சன்னது என்றால் வக்கீல் தொழில் நடத்தும் உரிமம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யாரு அக்கா எழுதப் போறாங்க?"

"நான்தான்," என்றது ஒரு குரல். எதிர் அறையில் நெடுங்காலமாக வக்கீல் தொழில் நடத்தும் சேவியர் சார் தம் கைபேசியை உயர்த்திக் காட்டினார். "மொத்தத்தையும் ரெக்கார்ட் பண்ணிட்டேன். ரூல்ஸ் எதுக்கு வச்சிருக்காங்க தம்பி? ஜனங்க நீ சொன்னதை நம்பி கேஸ் குடுத்து ஏமாந்தா, யார் பதில் சொல்றது?"

அக்காவின் கண் கலங்கியது. ஆனால் நான் கலங்கவில்லை. ஒரே தலைப்பில் காலையில் ஒட்டியும் மாலையில் வெட்டியும் பேசிப் பரிசு வாங்கியவன் நான். ஆட்டோவை நோக்கி ஓடினேன்.

"மறுபடியுமா? நக்கோ பாய், வேணாம்!" என்று கைகூப்பினார் ஓட்டுநர். கெஞ்சி ஏறினேன்.

"பெருமக்களே! காலையில் கேட்டதை மறந்துவிடுங்கள்! ரீட்டா வெல்வாரா? எவராலும் உறுதி கூற இயலாது! அனுபவம் உண்டா? அணுவளவும் இல்லை! வென்ற வழக்குகள்? ஒன்றும் இல்லை! தோற்றாலும் கட்டணம் உண்டு! உண்டு! உண்டு!"

(மும்முறை கூறுவது மேடை மரபு.)

காய்கறிப் பையுடன் வந்த ஓர் அம்மா ஆட்டோவை மறித்தார். "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு உனக்கு அப்படி என்ன கெடுதல் பண்ணுச்சு?"

"அவர் என் அக்கா, அம்மா."

"அக்காவா? கர்த்தரே!"

நான் அலுவலகம் திரும்பியபோது சேவியர் சார் கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகை இல்லை, சிரிப்பு. ஒலிபெருக்கி அங்கு வரைக்கும் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

"இதுக்கு மேல நான் என்னத்த எழுதறது? இது விளம்பரமா? இல்லம்மா, சாபம்! இவன் உனக்குத் தம்பியா வாய்ச்சிருக்கான் பாரு, பார் கவுன்சில்கூட இவ்ளோ பெரிய தண்டனை குடுக்காது. ஹவ்வா, இல்லையா?"

"ஹவ் சார்," என்று ஆமோதித்தாள் அக்கா. அவள் முன்னாலேயே அவர் கைபேசிப் பதிவை அழித்தார்.

அக்காவின் முதல் கட்சிக்காரர், அந்தக் காய்கறிப் பை அம்மாதான். "தோத்தாலும் ஃபீஸ் உண்டுன்னு முன்கூட்டியே சொன்ன வக்கீல் நீதானேம்மா? மத்தவங்க யாரும் எங்கிட்ட சொன்னதே இல்ல."

சென்ற மாதம் என் நிச்சயதார்த்தம். நன்றியுரை ஆற்ற எழுந்து, "கட்டாயம் உங்கள் அனைவருக்கும் உணவு..." என்று தொடங்கினேன். "உண்டு! உண்டு! உண்டு!" என்று அரங்கமே முழங்கியது. மணப்பெண்ணின் குரல்தான் எல்லாவற்றிலும் ஓங்கி ஒலித்தது. நான் அமர்ந்துவிட்டேன். என் வாழ்நாளிலேயே மிகச் சுருக்கமான உரை அது. அதிகக் கைதட்டல் பெற்றதும் அதுவே.