பத்தே காலுக்கு ஏறும் லோடு

காலை பத்தே காலுக்கு எஸ்டேட்டின் இணையத்தளம் மறுபடியும் படுத்துவிட்டது. அந்த வாரத்தில் அது நான்காவது முறை.

சுகுமாரன் திரையைப் பார்த்தான். சர்வரின் லோடு வழக்கமாக ஒன்றைத் தாண்டாது. இப்போது நாற்பத்தெட்டு என்று காட்டியது. இரண்டே கவுண்டர் உள்ள தபால் நிலையத்துக்குள் நாற்பத்தெட்டு பேர் ஒரே நேரத்தில் புகுந்த மாதிரி. யார் அவர்கள், எதற்காக வந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மலேசியாவில் ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அவன். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே கிராணி என்பதால் இணையத்தளமும் அவன் தலையில் விழுந்திருந்தது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதில்தான் டிக்கெட் எடுப்பார்கள். மலையில் மூடுபனியா வெயிலா என்று அவர்கள் பார்த்துக்கொள்வதற்காக ஃபேக்டரிக் கூரையில் கேமரா பொருத்தி, பத்து விநாடிக்கு ஒரு முறை மாறும் அதன் படத்தையும் தளத்தில் போட்டிருந்தான். எதிர்ச்சரிவு முழுவதும், அதில் வளைந்து ஏறும் மண் ரோட்டோடு அந்தப் படத்தில் தெரியும். அவன் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட சில காரியங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த வாரம் சனிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்குகிறது. அதற்குள் தளம் சரியாகாவிட்டால் பொறுப்பை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, அவனைக் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் நாகரத்தினம் சொல்லியிருந்தார்.

சர்வரை வாடகைக்கு விட்டிருந்த ஈப்போ கம்பெனிக்குப் போன் போட்டான். அங்கே எப்போதும் புவனேஸ்தான் எடுப்பாள்.

"ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்களாண்ணே?"

"நாலு தடவ பண்ணிட்டேம்மா. அஞ்சு நிமிசம் நல்லா இருக்கு. அப்புறம் பழையபடி ஏறிடுது."

"எந்தப் பக்கத்த அதிகமா கேக்குறாங்கன்னு பாருங்க."

பார்த்தான். ஒருவர்கூட டிக்கெட் பக்கத்துக்குப் போகவில்லை. எல்லாரும் கேட்டது கேமரா படத்தைத்தான். எல்லாம் கைப்பேசிகள். ஊர் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் கோலாலம்பூர் என்றே போட்டிருந்தது.

"கேஎல்ல உக்காந்துகிட்டு இத்தன பேரு எங்க மலைய எதுக்கும்மா பாக்குறாங்க?"

"அது போன் கம்பெனியோட அட்ரஸ்ண்ணே. அத நம்ப முடியாதுலா. பத்து செகண்டுக்கு ஒரு படம் ரொம்ப ஜாஸ்தி. நிமிசத்துக்கு ஒண்ணுன்னு மாத்திப் பாருங்க."

மாற்றினான். மறுநாள் லோடு தொண்ணூறு. புதுப் படம் தானாக வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், வந்தவர்கள் எல்லாரும் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கம் முழுவதும் புதிதாகத் திறந்தது. சர்வர் மூச்சுத் திணறியது.

"யாரோ வேணும்னே தாக்குறாங்க போலண்ணே," என்றாள் புவனேஸ்.

"தாக்குறவன் ஞாயித்துக்கிழம லீவு எடுப்பானாம்மா? ஞாயிறு ஒண்ணுமே இல்ல. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு இல்ல. சாயங்காலம் நாலு மணிக்கு மேல இல்ல."

"மலேசியாக்காரனா இருக்கும்லா. டைம் பாத்து வேல செய்யறான்."

சுகுமாரன் ஒரு பெரிய தாளில் அந்த மாதத்து நாள்களை எழுதி, லோடு ஏறிய நாள்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டான். ஞாயிறுகள் வெள்ளையாக நின்றன. அவற்றோடு ஒரு புதன்கிழமையும், சேர்ந்தாற்போல ஒரு திங்களும் செவ்வாயும் வெள்ளையாக நின்றன. பொதுவிடுமுறை எதுவும் இல்லை. ஆபீஸ் டைரியைப் புரட்டினான். புதன்கிழமை மேனேஜர் குவாந்தானுக்கு மீட்டிங் போயிருந்தார். அந்தத் திங்களும் செவ்வாயும் மேனேஜருக்குக் காய்ச்சல்.

சுகுமாரன் ஒரு மணி நேரம் வார்த்தை தேடிவிட்டு மேனேஜர் அறைக்குள் போனான்.

"சார், நீங்க இல்லாத நாள்ல எல்லாம் சர்வர் நல்லா இருக்கு."

நாகரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப நான் எங்கயாச்சும் போயிடணும்னு சொல்றீங்களா, சுகு?"

"ஐயோ, அப்படி இல்ல சார். உங்க லேப்டாப்புல வைரஸ் இருக்கலாம். நீங்க வந்து தொறந்ததும் அது வேலைய ஆரம்பிக்குது."

"பத்து மணிக்கு நான் லேப்டாப்ப மூடி வச்சிட்டுல்ல மலைக்குப் போறேன்?"

"மூடி வச்சாலும் வேல செய்யற வைரஸ் இருக்கு சார்," என்றான். அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது.

மேனேஜர் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் அவனை முழுவதும் குழப்பியது. அவன் மூன்று முறை அந்த லேப்டாப்பைத் துழாவியும் நாலைந்து ரோஜாச் செடிப் படங்களைத் தவிர எதுவும் அகப்படவில்லை. ஆனால் லேப்டாப் அவன் மேசைக்கு வந்த மறுநாளே லோடு காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கி, நாலு மணிவரை இறங்கவேயில்லை. நூற்றுமுப்பது. புவனேஸ் போனை எடுத்ததும் ஹலோகூடச் சொல்லவில்லை.

"அண்ணே, எங்க மத்த கஸ்டமரெல்லாம் ஏசுறாங்க. என்னண்ணே பண்ணீங்க?"

"வைரஸ தேடிப் பாத்தேம்மா."

"அது கோவிச்சுக்கிச்சு போல."

அதற்கு மறுநாள் மேனேஜரிடம் கேட்கலாம் என்று போனால் அறை பூட்டிக் கிடந்தது. ரிப்போர்ட் எழுத லேப்டாப் இல்லாததால் அவர் விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டதாகவும், இரண்டு நாளாக அப்படித்தான் என்றும் ஆபீஸில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை புவனேஸ் கடைசியாகச் சொன்னாள்: "அந்தப் படத்தையே எடுத்துடுங்கண்ணே."

அவனுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் தராசுக் கொட்டகையில் ஈரச் சாக்குகளுக்கு நடுவே நிற்பதை நினைத்துப் பார்த்தான். எடுத்துவிட்டான்.

லோடு சரசரவென்று இறங்கி ஒன்றுக்கும் கீழே போய் நின்றது. சனிக்கிழமை எத்தனையோ பேர் டிக்கெட் எடுத்தார்கள். தளம் ஒரு முறைகூடப் படுக்கவில்லை. அவன் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் திரையைப் பார்த்தான், நம்பிக்கை வராமல்.

மத்தியானம் நாகரத்தினம் முழங்கால்வரை சேற்றோடு வந்து அவன் தோளைத் தட்டினார்.

"நல்ல வேல பண்ணீங்க, சுகு. லேப்டாப் இன்னும் ஒரு மாசம் உங்ககிட்டயே இருக்கட்டும். நடந்து நடந்து எனக்குச் சக்கர கொறஞ்சிருக்கு. பொம்பளைங்களும் இப்பத்தான் நிமிராம கொழுந்து எடுக்குறாங்க."

வேலை தப்பிவிட்டது. அவ்வளவு பேரும் யார், அந்த மலையில் என்னத்தைப் பார்த்தார்கள் என்பது மட்டும் அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்குக் கங்காணி வேலப்பன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கொழுந்து பறிக்கிற அறுபது பேரை மேய்க்கிற மனிதர். ஆபீஸ் பக்கம் லேசில் வரமாட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கிராணி, அந்த மலப் படம் திரும்ப எப்ப வரும்?"

"உங்களுக்கு எதுக்கு கங்காணி அது?"

வேலப்பன் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நேத்துலேர்ந்து எங்காளுங்க ஒருத்திகூட உக்காந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கல, கிராணி, தொர எந்த வளைவுல வர்றாருன்னு போன்ல பாக்க முடியாம, அவங்கள நான் எப்படி உக்காரச் சொல்றது?"