பிணத்துக்கு ஹார்ன் அடித்த டிரைவரும் எங்கள் வேண்டுதல் கெடாவும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. முன்னே வரவேண்டியது பின்னே வரும், சிலது மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். (பால்காரரிடம்கூட சொம்பைத்தான் நீட்டுவேன், வாயைத் திறக்கமாட்டேன்.) அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவிலும் கத்தினேன். எங்கள் வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகும் பஞ்சு அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மூச்சுவிட முடியாமல் போய்க் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு அவர் கிடந்தபோது நான் வராந்தாவில் உட்கார்ந்து குலசாமியை வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, இவரைத் திருப்பிக் குடு. உனக்குக் கெடா வெட்டுறேன்."

பக்கத்தில் இருந்த அவர் தங்கை அஞ்சலை, "வாய்விட்டுச் சொல்லிட்ட அண்ணி. மறந்துடாத" என்றாள்.

அவர் வீட்டுக்கு வந்தார். ஆனால் நுரையீரல் இனித் தேறாது, இருக்கிறவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை நான் அவரிடமும் சொல்லவில்லை, அஞ்சலையிடமும் சொல்லவில்லை. கெடாக்குட்டி ஒன்று வாங்கி, சாமி பேரைச் சொல்லி, ஜன்னலோரம் கட்டி வளர்த்தேன்.

பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்குப் போய்வரும் எங்கள் மகள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று டிவியில் ஒரு வெளிநாட்டுத் தொடரைப் போட்டுக் கொடுத்தாள். தமிழில்தான் பேசுவார்கள். செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள். உயிரோடிருப்பவர்களைக் கடிப்பார்கள். கடிபட்டவர்களும் அப்படியே ஆகிவிடுவார்கள். ஜாம்பி என்றாள் மகள். அவர் கட்டிலில், நான் தரையில், கெடா ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு. மூவரும் பார்த்தோம்.

அதில் ஒரு பஸ் டிரைவர் வருவார். ஊரே தப்பித்து ஓடும்போது மீதி ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறவர். வழியில் பிணங்கள் நடந்து வந்தால் மற்றவர்கள் மண்டையில் அடிப்பார்கள், சுடுவார்கள். இவர் மட்டும் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடிப்பார். விலகும்வரை காத்திருப்பார். "நேத்து வரைக்கும் இதே பஸ்ல ஏறி வந்தவங்கதானே" என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

"செத்ததுக்கப்புறம் இன்னாத்துக்குடா ஹார்ன்? ஏத்திட்டுப் போவியா!" என்று என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக் கத்துவார். கத்தினால் இருமல் வரும். நான் நெஞ்சைத் தடவிக் கொடுப்பேன்.

ஒருநாள் அந்தப் பஸ்ஸிலேயே கடிபட்டவன் ஒருவன் இருந்தான். அவன் மாறுவதற்குள் முடித்துவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். "இன்னும் உசுரு இருக்குது, நான் தொடமாட்டேன்" என்றார் டிரைவர். அவன் மாறினான். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தையைக் கடித்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் டிவியை நிறுத்தினார். "இப்ப சொல்லு. அந்தக் கொழந்தையக் கொன்னது யாரு? உன் டிரைவர்தானே?"

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. (ஊரில் எவ்வளவோ சாவுக்குச் சாப்பிட்டவள்தான் நான்.)

பிறகு அவரே கேட்டார்: "நான் அந்த மாதிரி ஆயிட்டா நீ இன்னா பண்ணுவ?"

"ஹார்ன் அடிப்பேன்."

சிரித்துச் சிரித்து மூச்சுமுட்டி, மகள் ஓடிவந்து மருந்தை உறிஞ்ச வைக்க வேண்டியதாயிற்று. சிரிக்க வைத்தே அவரைக் கொன்றுவிடப் பார்த்தேன்.

கெடா வளர்ந்துவிட்டது. அஞ்சலை நாள் குறித்தாள். தவளக்குப்பம் தாண்டி உள்ளே போனால் எங்கள் குலசாமி கோயில். மினிலாரியில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அண்டா, மசாலா, அரிசி எல்லாம் தயார். என் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வேப்பமர நிழலில் உட்கார வைத்தோம்.

எங்கள் பக்கம் வழக்கம் ஒன்று உண்டு. கெடாவின் தலையில் மஞ்சள்தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் கத்தி. சிலுப்பாத கெடாவை வெட்டக்கூடாது.

பூசாரி ஊற்றினார். கெடா சிலுப்பவில்லை. மறுபடி ஊற்றினார். கெடா என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. வெயில் ஏறியது. பசியில் ஜனங்கள் பொறுமை இழந்தார்கள்.

"காதுல ஊத்துய்யா, தானா சிலுப்பும்" என்றார் கத்தி வைத்திருந்தவர்.

பூசாரி கெடாவின் காதைப் பிடித்து விரித்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"காதுல ஊத்தாதீங்கடா! அதுக்குச் சம்மதமில்லடா! உசுரு இருக்குது, தொடாதீங்க! வண்டிய நிறுத்துங்கடா!"

வண்டியா? எல்லாரும் மினிலாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி, "ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்த, பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். என் கொண்டையை அவிழ்த்தார்கள். குடம் குடமாகத் தலையில் தண்ணீர். கையில் வேப்பிலை. வந்திருப்பது சாமிதானா என்று பார்க்க, பூசாரி கொளுத்திய சூடத்தை என் நாக்கில் வைத்தார். இது டிவி தொடருங்க என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்க்கும்போது எனக்கு எப்படி வாய் வரும்? வெட்கத்தில் சூடத்தை விழுங்கினேன்.

"தாயே, கெடா வேணாமா?"

தலையை ஆட்டினேன்.

"வேற இன்னா வேணும் தாயே?"

நாக்கு வெந்துபோயிருந்தது. "தண்ணி" என்றேன். இன்னொரு குடத்தைத் தலையில் கவிழ்த்தார்கள்.

நாற்காலியில் இருந்தவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவருக்குத் தெரியும், வந்தது யார் என்று.

அப்போது அஞ்சலை என் காலில் விழுந்தாள். ஈர மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஆத்தா, எங்கண்ணன் பொழைச்சிக்குவாரா? அத மட்டும் சொல்லிடு" என்றாள்.

பம்பை நின்றது. அவர் சிரிப்பும் நின்றது. துண்டை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். பிழைப்பான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். சாமி பேரில் பொய் சொல்லவும் பயம், அவர் முகத்தைப் பார்த்து உண்மை சொல்லவும் பயம்.

"தெரியல" என்றேன்.

குறி சொல்ல வந்த சாமி தெரியவில்லை என்று சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பூசாரியே முழித்தார். கடைசியில், "ஆத்தா கெடாவ விட்டுட்டா" என்று கயிற்றை அவிழ்த்தார். கயிறு விழுந்ததும் அந்தக் கெடா தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது பாருங்கள்!

"இப்பதான்யா உத்தரவு குடுக்குது" என்றார் கத்திக்காரர்.

"ஆத்தா சொன்னது சொன்னதுதான்" என்றார் பூசாரி. கறிக்கு அரைத்த மசாலாவில் கத்திரிக்காயைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கெடா சிலுப்பியதை அஞ்சலையும் பார்த்திருந்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். பிணத்தின் மேல் விழுந்து அஞ்சலை ஒப்பாரி வைத்தாள்: "வெட்டாத கெடாவால வெட்டுப்பட்டுப் போனியே அண்ணா." கூடியிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். டிவியில் அந்தப் பெண்குழந்தையைக் கடித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, இப்போது தண்ணீரே இறங்கவில்லை.

காரியம் முடிந்து கறி ஆக்கும் நாள் வந்தது. சமையல்காரர் கூடத்தில் வந்து நின்று, "ஆடா, கோழியாம்மா?" என்று பொதுவாகக் கேட்டார். பின்னாலிருந்து என் மகள், சாமி வந்த குரலில், "தெரியல" என்றாள்.

முதலில் சிரித்தது அஞ்சலைதான். சிரித்து, அழுது, என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு வந்தது ஆத்தாவா, நீயா?"

ஆத்தா என்றால் வேண்டுதல் கழிந்தது, அவள் அண்ணன் தானாகப் போனார். நான் என்றால் நான்தான் அவரைக் கொன்றேன். அவள் கண்ணைப் பார்த்தேன். டிவியில் பார்த்ததுதான் வாயில் வந்தது, அது நிச்சயம். ஆனால் அத்தனை பேர் நடுவில் அப்படிக் கத்துகிற தொண்டை எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

"தெரியல அஞ்சல" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் யாரை எது கேட்டாலும், மழை வருமா, கரண்ட் எப்போது வரும், பஸ் போய்விட்டதா என்றாலும், கண்ணைச் சொருகிக்கொண்டு இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அஞ்சலையும் சொல்கிறாள்.

கிழமை செவ்வாயா வெள்ளியா, கெடா கறுப்பா செவலையா என்பதெல்லாம் எனக்குக் குழம்பிவிட்டது. அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அப்படியே, கத்தியபோது என் குரல் என் குரல் மாதிரிதான் இருந்ததா என்பதையும்.