ஃபுர்னாஸில் புதைத்த பானை

எரிமலைச் சூட்டில் வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கும் ஃபுர்னாஸ் ஊருக்கு விடுமுறைக்கு வந்து இறங்கிய கையோடு ஜசிந்து ஒரு பிரகடனம் செய்தார்.

"ஒடீலியா, இந்தத் தடவை நீ கரண்டியே தொடக் கூடாது. ஞாயித்துக்கிழமை விருந்து என் பொறுப்பு."

கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் சமையலில் குறை கண்டே நாக்கைத் தீட்டி வைத்திருந்தவர் அவர். சூப்பில் உப்பு ஒரு கல் கூட, மீனில் பூண்டு ஒரு பல் குறைச்சல். 'நல்லா இருக்கு' என்று வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

"நீங்களா சமைக்கப் போறீங்க?" என்றாள் ஒடீலியா.

"இந்த ஊர்ல மனுஷனா சமைக்கிறான்? பூமி சமைக்குது. கறியையும் கிழங்கையும் பானைல அடுக்கி, ஏரிக்கரைச் சூட்டு மண்ணுல புதைச்சா மத்தியானம் வெந்திருக்கும். இதுக்குப் போய் பொம்பளைங்க மலையைப் புரட்டற மாதிரி அலுத்துக்கறீங்க."

"ரொம்பச் சரி. அக்கா குடும்பத்தையும் கூப்பிட்டுடறேன்."

ஜசிந்து இதை எதிர்பார்க்கவில்லை. ஒடீலியாவின் அக்கா பிலோமினாவின் வாய் அந்த வெந்நீர் ஊற்றுகளைவிடக் கொதிப்பானது. சனிக்கிழமை வந்தும், கோஸ் கீழேயா கறி கீழேயா என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. பானை, கறி, தொத்திறைச்சி, சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பழைய நண்பன் அமாரோவிடம் போனார். ஏரிக்கரையில் பானைகளைப் புதைத்துத் தோண்டுவதுதான் அமாரோவின் வேலை.

"நீயே அடுக்கிப் புதைச்சிடு. வெளிய மூச்சு விடாதே."

"நான் குழி வெட்டறவன்டா. சமையல்காரன் இல்லை."

"இத்தனை வருஷம் பானையோட குடித்தனம் பண்றே, தெரியாமலா இருக்கும்?"

ஞாயிறு விடிந்ததும், "பானைக்குக் காவல் இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போனது வெந்நீர்க் குளத்துக்கு. செம்பழுப்புத் தண்ணீரில் கழுத்துவரை இறங்கி, டீத்தூள் மாதிரி மத்தியானம்வரை ஊறினார்.

அமாரோ கொக்கி போட்டுப் பானையைத் தூக்க, ஆவி பறக்கப் பறக்க எல்லாரும் காத்திருந்த மரத்தடி மேஜைக்கு வந்தது. துணியை அவிழ்த்ததும் ஏரிக்கரையின் கந்தக வாடையே வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டது. சேப்பங்கிழங்கு வெண்ணெயாக இருந்தது. பிலோமினா தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மாப்பிள்ளை, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

ஜசிந்து பூரித்துப் போனார். "கறியைப் பாருங்க, நூல் நூலா வருது. கோஸ் குழையவே இல்லை. உப்பு, தராசுல நிறுத்த மாதிரி. கைப்பக்குவம்கறது இதுதான். எல்லாருக்கும் வராது."

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் ஒடீலியா.

சொன்னார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் சொன்னார்.

"அப்போ கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. இவர்தான் சமைப்பார்," என்றாள் அவள்.

"நம்ம வீட்டுல சூட்டு மண்ணுக்கு எங்க போறது?"

"அடுப்பு போதும். கைப்பக்குவம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சாயங்காலம் விடுதிக்கு நடக்கும்போது ஜசிந்து உண்மையைக் கக்கிவிட்டார். "சமைச்சது நான் இல்லை. அமாரோ."

"அமாரோவும் இல்லை," என்றாள் ஒடீலியா. "காலைல நீங்க அந்தப் பக்கம் போனதும் அவர் பானையோட விடுதி வாசல்ல வந்து நின்னார். 'அண்ணி, எனக்கு மண்வெட்டி மட்டும்தான் தெரியும், காப்பாத்துங்க'ன்னார். அடுக்கிக் கட்டிக் கொடுத்தது நான்."

ஜசிந்து நடுத்தெருவில் நின்றுவிட்டார். "எல்லாரும் என்னைப் புகழறப்போ ஏன் வாயைத் திறக்கலை?"

"அவங்க உங்களைப் புகழ்ந்தாங்க. நீங்க என் சமையலைப் புகழ்ந்தீங்க, கல்யாணமாகி முதல் தடவையா. நடுவுல பேசிக் கெடுத்துக்க நான் என்ன பைத்தியமா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. இப்படியொரு மூளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் உப்புக்கல்லை எண்ணிக்கொண்டிருந்தோம் என்று மலைப்புத்தான் வந்தது.

"நிஜமாவே ரொம்ப நல்லா இருந்துது, ஒடீலியா."

அவள் முகம் மலர்ந்தது. கையைக் கோத்துக்கொண்டாள். இதுதான் சமயம் என்று ஜசிந்து குரலைக் குழைத்தார்.

"அப்போ கிறிஸ்துமஸ் விருந்தை நீயே..."

"அக்கா அவ மாமியார் வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டாச்சு. வாங்க, வெங்காயம் உரிக்கறதுல இருந்து ஆரம்பிப்போம்."