இதைவிட வேகமான ஒன்று

பொத்தானை அழுத்திவிட்டுக் கணக்கரின் மனைவி போய்க் காய் நறுக்கி, கை கழுவி, திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் கம்ப்யூட்டர் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்கர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப மெதுவா இருக்குங்க. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கிறது?" என்றாள் மனைவி.

கணக்கருக்கு அது போதும். இடுப்பில் துண்டைக் கட்டாத குறைதான்.

அவள் மொழிபெயர்ப்பாளர். கையில் இருந்தது ஒரு தடித்த நாவல். போன புத்தகம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில் பதிப்பகத்தாருக்கு முகம் சுருங்கிவிட்டது. இதுவும் தவறினால் இனிமேல் புத்தகம் கிடையாது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். போன தடவை தாமதத்துக்குக் காரணம் கம்ப்யூட்டர்தான் என்பது கணக்கரின் தீர்ப்பு. அவர் தரப்பில் ஒரு குறையும் இல்லை. இதே நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் ஒரு வரி அடித்ததும் அதைவிட நல்ல வரி ஒன்றை எடுத்துக் கொடுத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் விவாதித்து, மனுஷன் சாப்பாடு தண்ணி பார்க்காமல் உதவினார். அப்படியும் தாமதம். மெஷின் சரியில்லை என்றால் அவர்தான் என்ன செய்வார், பாவம்!

இந்தத் தடவை விடுவதில்லை என்று அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் குதிரை மாதிரி ஓடும் என்று கூட வேலை பார்ப்பவர் சொல்லியிருந்தார். கணக்கர் தேடிப் பார்த்தார். அது ஒன்றல்ல, ஒரே வம்சத்தில் பிறந்து தனிக்குடித்தனம் போன நூறு குடும்பம். எல்லாம் இலவசம். ஒவ்வொன்றும் நான்தான் வேகம் என்று மார்தட்டியது. யார் சொல்வதை நம்புவது? தானே ஒவ்வொன்றாகப் போட்டு அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. நாவலைப் பென் டிரைவில் ஏற்றிப் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். மாடியில் தன் தங்கை வீட்டில் உட்கார்ந்து மீதியைக் காகிதத்தில் எழுதுவதாகவும், அவர் முடித்ததும் வந்து மளமளவென்று அடித்துவிடுவதாகவும் சொன்னாள். தங்கையிடமும் கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். அந்த மெஷினை யாரையும் தொட விடமாட்டாளாம்.

முதலில் பச்சைச் சின்னம் போட்ட லினக்ஸ். பழைய வட்டம் சுற்றிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, திறந்துவிட்டது. கணக்கர் மாடிப்படியடியில் நின்று கூப்பிட்டார். மனைவி இறங்கி வந்தாள், பார்த்தாள், பாராட்டினாள். பிறகு, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று கேட்டாள். செய்யவில்லை.

நீலச் சின்னத்தில் பிரிண்டர் வந்தது, வைஃபை போயிற்று. கூடத்தின் குறுக்கே ஒயர் இழுத்தார். அதைத் தாண்டத் தெரியாமல் வந்தவர் போனவர் எல்லாம் தடுக்கினார்கள். வீட்டில் யாரும் போனில் எதையும் பார்க்கக் கூடாது, எல்லா லினக்ஸுக்கும் ஒரே மாதிரிச் சூழ்நிலை இருந்தால்தான் அளவு நியாயமாக இருக்கும் என்று உத்தரவு போட்டார். மின்விசிறியின் காற்றுகூட ஒரு லினக்ஸுக்குச் சாதகமாகப் போய்விடலாம் என்று அதையும் நிறுத்தினார். வியர்வை சொட்டச் சொட்ட ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நீலம் பச்சையை ஜெயித்தது. மறுபடி கூப்பிட்டார்.

மனைவி ஒரு வார்த்தை தமிழில் அடித்துப் பார்த்தாள். "வேகமாத்தாங்க இருக்கு. ஆனா கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமா நிக்குதே. ஊருக்குப் போற ரயிலைத் தவறவிட்ட மாதிரி" என்றாள்.

அடுத்தது சாம்பல் நிறம். கொம்பு ஒழுங்காக வந்து ஒட்டிக்கொண்டது. பிரிண்டர் வந்தது. வைஃபை வந்தது. கணக்கர் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு, இது போதும், இன்றே அடிக்க ஆரம்பித்துவிடு என்றார். மனைவி ஒருமுறை திறந்து, ஒருமுறை மூடினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"திறக்கறது நல்ல வேகம். மூடறதுதான் கொஞ்சம் இழுக்குது, இல்ல?"

அட, ஆமாம்! இத்தனை நாளாக மூடுவதை அளக்கவே இல்லையே. இது ஒரு ஒப்பீடா? கணக்கருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பச்சையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. மனைவி கொஞ்சமும் பதறவில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள் என்று அவர் மனம் நெகிழ்ந்தது. அன்று அவர் போட்ட ஆரஞ்சு நிறம் திறப்பதிலும் கெட்டி, மூடுவதிலும் கெட்டி. பார்த்துவிட்டு அவள், இதைவிட வேகமான ஒன்று இருப்பதாக எங்கோ படித்தேன், பேர்தான் ஞாபகம் இல்லை, எதற்கும் தேடிப் பாருங்களேன் என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். தேடினார். கிடைத்தது. பட்டனைத் தொட்டதும் திறந்தது. சின்னம்கூடக் கிடையாது, அவ்வளவு இலகு.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில், திறக்கும்போது கூடவே எழுந்து நிற்கிற வேண்டாத வேலைகளை நிறுத்தினால் இன்னும் ஒரு நொடி மிச்சமாகும் என்று அவருக்குத் தோன்றியது. பெயர் புரியாததையெல்லாம் நிறுத்தினார். கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. கடவுச்சொல் கேட்டது. அடித்தார். கீபோர்டுக்கு உயிர் இல்லை. மவுஸை ஆட்டினார். அதற்கும் இல்லை. அணைத்துத் திறந்தார். அதே வேகம், அதே சவம்.

திரும்ப எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டு, அந்தக் காகிதக் கட்டு முழுவதையும் அவள் அடித்து முடிக்கச் சாயங்காலத்துக்குள் நடக்கிற காரியமா? நடக்காது. கணக்கு அவருக்குத் தெரியும். ஒருத்தி வருஷக்கணக்காக ஆசைப்பட்டுப் பிடித்த தொழிலை ஒரே ஒரு நொடிக்காகக் குழிதோண்டிப் புதைத்துவிட்டோமே என்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. ஆனாலும் ஆள் ஓடி ஒளிகிறவர் இல்லை. மேலே போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்வது, பதிப்பகத்துக்கும் தானே போய் நின்று திட்டு வாங்கிக்கொள்வது என்று உறுதி செய்துகொண்டு எழுந்தார்.

எதிரே மைத்துனி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"உங்கக்கா முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியலம்மா. கம்ப்யூட்டர் போச்சு. புத்தகமும் போச்சு. எல்லாம் என்னாலதான்" என்றார்.

மைத்துனி அவரைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்க அத்தான். அக்கா என் கம்ப்யூட்டர்லயே முடிச்சு, புதன்கிழமையே அனுப்பியாச்சு. பதிப்பகத்துல அசந்து போய் அடுத்த புத்தகத்தையும் கையோட குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை ஆரம்பிக்கறா. அதான், இந்த லினக்ஸ்ல நீங்க இன்னும் போட்டுப் பாக்காதது எத்தனை பாக்கி இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."