மண்ணெண்ணெய் மணத்த கலியாணம்

தனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று நம்புகிறவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. நான் அந்த இனம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் அக்காவும் நானும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எது மலிவு என்று கண்டுபிடிக்க, தாளில் கோடு போட்டு காஸ், கரண்ட், மண்ணெண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டேன். மண்ணெண்ணெய் அநியாயத்துக்கு வென்றது. (சண்டையும் பொருள்தடையுமாக இருந்த ஊரில் ஒரு போத்தலுக்காக நாள் முழுக்க வரிசையில் நின்றவனுக்கு, இங்கே கான் கானாக வாங்குவதில் ஒரு தனிச் சுகமும் இருந்தது. அதைத் தாளில் எழுதவில்லை.)

"உது மணக்குமடா," என்றாள் அக்கா.

"கணக்கைப் பாரக்கா, கணக்கை!"

காஸ் பொய்லரை நிறுத்திவிட்டு (கொழுப்பைப் பாருங்கள்) மண்ணெண்ணெய் ஹீட்டரை என் அறையில் வைத்தேன். அது எரிய எரிய அறையில் நீராவி சேரும் என்பது எனக்குத் தெரியாது. ஜன்னல் வழிந்தது, சுவர் ஊறியது. அதே அறையில், அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டியில் கூறைச்சேலை இருந்தது. தாலி கட்டும்போது பெண் உடுத்துவதற்காக மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது.

கலியாணத்துக்கு முதல் நாள் பெட்டியைத் திறந்தேன். சரிகையில் பூஞ்சணம். மணமோ, சேலையைப் பிழிந்தால் அடுப்பு எரிக்கலாம் போல இருந்தது. அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கணக்குத் தோற்றுவிடுமே! கறையை உள்ளே வைத்து மடித்து, அரைப் போத்தல் ஆஃப்டர்ஷேவைத் தெளித்தேன். மூதேவி.

சுகந்தி (பெயரைக் கவனியுங்கள்) ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூறை உடுத்து வந்து மணவறையில் என் அருகே உட்கார்ந்தாள். ஐயர் மூக்கைச் சுளித்தார்.

"ஆரப்பா இஞ்ச மண்ணெண்ணெய் ஊத்தினது? ஓமகுண்டத்தைத் தள்ளி வையுங்கோ, பத்திப்போடும்!"

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த என் பெரியம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"ஊரில குப்பி விளக்கோட இருந்த பிள்ளைதானே, அந்த மணம் லேசில போகுமே?"

சுகந்தி தலையைக் குனிந்தாள். கண்ணீர் மாலையில் விழுந்ததைப் பக்கத்திலிருந்து நான் மட்டும் பார்த்தேன். "பிழை என்ரை, பெரியம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன், தாலியையும் கட்டினேன்.

அன்று மாலை வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் வாசலிலேயே நின்று ஒருமுறை மூச்சை இழுத்தாள்.

"அப்ப இதுதானோ?"

"ஓம்."

"அங்க ஏன் நீங்கள் வாய் திறக்கேல்லை?"

நான் போய் காஸ் பொய்லரைப் போட்டேன்.

ஐயர் நெருப்பைத் தள்ளிய கதை எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணவீட்டிலும் தப்பாது. பிள்ளைகள் கேட்டால் சுகந்தியே மூக்கைச் சுளித்து நடித்துக் காட்டுவாள். வயிறு நோகச் சிரிப்பார்கள். பெரியம்மா சொன்னதை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை. அந்த இடம் வந்ததும் என்னை ஒருமுறை பார்ப்பாள். "பிறகென்ன, தாலி கட்டினவர்" என்று கதையை முடித்துவிடுவாள்.