தளபதிக்குப் பதில் தளபதி

உலகத்தில் எத்தனையோ நாடுகள் விடுதலைக்குப் போராடியிருக்கின்றன. ஆனால் தோற்றுப்போன தளபதியை மாற்றுவதில் எங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் காட்டிய நிதானத்தை எந்த நாடும் காட்டியதில்லை. அதற்கென்று காங்கிரஸ் அமைத்த கமிட்டியின் குமாஸ்தா என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன்.

தளபதி ஒபதியா விட்லாக் ஆற்றங்கரைக் கோட்டையைப் பிரிட்டிஷாரிடம் விட்டுவிட்டு, குதிரையேறிப் பின்பக்கமாக "முன்னேறினார்". அவருடைய ஆட்கள் பக்கத்துக் குன்றில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் சார்ஜென்ட் எலைஷா கிரிம்ஸ் மட்டும் எப்படியோ தப்பி, பிலடெல்பியாவுக்கு வந்து, வெறுங்காலோடு கமிட்டி முன் நின்றான்.

"ஐயா, என் தம்பியும் அந்தக் குன்றுலதான் கெடக்கான். ஓடாத ஆளா ஒருத்தரை அனுப்புங்க. இன்னைக்கே அனுப்புங்க."

"அவசரப்படாதப்பா," என்றார் தலைவர் பெல்ச்சர். "இஷ்டத்துக்கு உத்தரவு போட இது என்ன ராஜா ஆட்சியா?"

எங்களுக்கு மாநிலங்கள் பதின்மூன்று. ஆகவே மாநிலத்துக்கு ஒரு கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்லாமல் எந்த நல்ல காரியமும் முடியாது. மதேரா ஒயின் வந்தது. புதிய தளபதி பதவிக்குக் கோப்பைக்கு ஒரு பெயர் என்று முன்மொழிந்தார்கள்.

"எங்க கர்னல் டேப்னி! குதிரைமேல உக்காந்தா என்ன கம்பீரம் தெரியுமா?" என்றார் வர்ஜீனியா உறுப்பினர்.

"வர்ஜீனியாக்காரன் பேச்சை எங்க பசங்க கேப்பானுங்களா? எங்க பீபடியைப் போடுங்க," என்று சீறினார் மாசசூசெட்ஸ் உறுப்பினர்.

"யாரு, அந்த மீன் வியாபாரியா? அவனுக்கு எங்க பெரிய மனுஷங்க சல்யூட் அடிக்கணுமாக்கும்!"

கிரிம்ஸ் மெல்லக் கேட்டான்: "சண்டை போடத் தெரிஞ்சவரு யாராச்சும்..."

"அதுக்கு வேற கமிட்டி இருக்குப்பா."

பன்னிரண்டாவது கோப்பையில் யாருக்கும் யாரோடும் பேச்சு இல்லை. பதின்மூன்றாவதில் பெல்ச்சருக்கு ஞானோதயம் பிறந்தது.

"எந்த மாநிலத்துக்கும் ஓரவஞ்சனை பண்ணாத ஆள் ஒருத்தர் இருக்காரேய்யா! பொறந்தது மாசசூசெட்ஸ், பொண்ணு எடுத்தது வர்ஜீனியா, தோத்தது எல்லா மாநிலத்துலயும்!"

"அட, நம்ம விட்லாக்!"

ஒரே கைதட்டல். தளபதி விட்லாக் ஏகமனதாகப் பதவிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய இடத்தில் "மேஜர் ஜெனரல்" விட்லாக் நியமிக்கப்பட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

கிரிம்ஸ் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். "நீயும் ஒரு வாழ்த்துச் சொல்லுப்பா!"

அவன் குடிக்கவில்லை. கோப்பையை மேசைமேல் வைத்தான்.

"மன்னிச்சிருங்கய்யா. நாம தோக்கிறதெல்லாம் அந்த மனுஷனாலதான்னு இத்தனை நாளா அவரைப் போயி திட்டிக்கிட்டு இருந்தோம்."