சுவரில் எழுதிய எண்பத்திரண்டு

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதும் கடிதம். இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், தங்கள் தையல் மெஷினும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் தொப்பையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். (அண்ணா, தொப்பை என்பது அவர் சொன்னது.) நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் என்பதும், காதில் ஒரு தடவை விழுந்ததைச் சாகும்வரை விடாதவன் என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆகையால் கீழே வருவதில் எதையும் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று தாங்கள் மறுக்க வேண்டாம். மறுக்கிற வார்த்தையை எந்தச் சட்டை போட்டுக்கொண்டு சொன்னீர்கள் என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது.

டாக்டரிடம் போன அன்றைக்கு நீங்கள் போட்டிருந்தது பாக்கெட்டில் மை கசிந்த சாம்பல் சட்டை. செவ்வாய்க்கிழமை. பழைய முதலாளி போய் அவர் மகள் பஞ்சுக் கிடங்குக்குப் பொறுப்பாக வந்ததும் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "அறுபது தாண்டினவங்க எல்லாரும் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க. பச்சைச் சீட்டுன்னா வேலைக்கு வரலாம், சிவப்புச் சீட்டுன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டாள். ரெஸ்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நம் தெருக்கோடி வீட்டில் ரெஸ்ட் எடுக்கப் போன தச்சர் நாலே மாதத்தில் படமாகிச் சுவரில் தொங்குகிறார். துணைக்கு வாருங்கள் என்று உங்களைக் கூப்பிட்டேன். வந்தீர்கள், வந்த இடத்தில் "நானும் பார்த்துக்கறேன், சும்மாதானே" என்று எனக்குப் பின்னால் எடைமெஷினில் ஏறினீர்கள். எனக்கும் எண்பத்திரண்டு, உங்களுக்கும் எண்பத்திரண்டு. உயரமும் ஒன்று. நாற்பது வருஷம் மூட்டை தூக்கினவனுக்கும் நாற்பது வருஷம் உட்கார்ந்து தைத்தவனுக்கும் அந்த டாக்டர் ஒரே அட்டவணையைப் பார்த்து ஒரே சிவப்புச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "இந்த உயரத்துக்கு இது ரொம்ப அதிகம் பெரியவரே, கொஞ்சமாச்சும் குறைங்க" என்றார். "ஐயா, என் கையைத் தொட்டுப் பாருங்க, அவர் வயித்தைத் தொட்டுப் பாருங்க" என்றேன். அவர் இரண்டையும் தொடவில்லை. நீங்கள் படிக்கட்டு இறங்குகிறவரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

மறுநாள் புதன்கிழமை. இடுப்பு வலிக்காக நீங்கள் வாராவாரம் போய் ஊறுகிற அந்த நீச்சல் குளத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். "தண்ணியில ஒரு மாசம் கிடந்தா உடம்பு தானா வத்திடும் மச்சான்" என்றது யார்? நீங்கள் இறங்கினீர்கள், மல்லாந்தீர்கள், ஊதிக் கட்டின தலையணை மாதிரி மிதந்தீர்கள். நான் இறங்கினேன், மல்லாந்தேன், அடிக்குப் போய் உட்கார்ந்தேன். தரையில் பதித்திருந்த நீல ஓடுகளை எண்ணினேன், பதினேழு. மேலே அண்ணாந்து பார்த்தால் உங்கள் முதுகு படகின் அடிப்பக்கம் போல அசைகிறது. நீச்சல் டீச்சரம்மா கம்பை நீட்டி என்னை மேலே இழுத்து, மூன்று தடவை திரும்பத் திரும்ப மிதக்கச் சொல்லி, மூன்று தடவையும் நான் அடியில் போய் உட்கார்ந்ததும் என்ன சொன்னாள் என்பது நினைவிருக்கிறதா? "ஐயா, உங்களுக்குக் கொழுப்பே இல்லீங்க. கொழுப்பு தண்ணியை விட லேசு, மிதக்கும். சதையும் எலும்பும் தண்ணியை விடக் கனம், முங்கும். எடைமெஷினுக்கு நீங்களும் உங்க மச்சானும் ஒண்ணுதான், தண்ணிக்கு நீங்க வேற ஆளு. நீங்க எதுக்கு இளைக்கணும்?" என்றாள். அவ்வளவு தெளிவாக ஒரு மனுஷி சொன்னாள். அதை அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி டாக்டரிடம் நீட்டினேன். "குளம் சொல்றதைக் கேட்டு நான் சீட்டு தர முடியுமாங்க? அட்டவணை சொல்லணும்" என்று அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டார். அப்போது நீங்கள் என் தோளைத் தட்டி, "வாயைக் கட்டு மச்சான், வேற வழியில்ல" என்றீர்கள். ஆலோசனை சொன்ன வாயில் பாதி பன் இருந்தது.

கட்டினேன். பத்து வாரம், அதுவரைக்கும் முதலாளியம்மா கெடு கொடுத்து வேலையில் வைத்திருந்தாள். காலையில் வெள்ளரிக்காய், மதியம் வெந்த காய், ராத்திரி வெள்ளரிக்காயை நினைத்துக்கொண்டு தூக்கம். (அண்ணா, இவர் வெள்ளரிக்காயை மெல்லும் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும்.) பத்தாவது வாரம் எழுபத்தைந்து. டாக்டருக்கு வாயெல்லாம் பல். இந்த அளவு குறைத்ததே போதும் என்று பச்சைச் சீட்டு எழுதினார், முதலாளியம்மாவே அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தாள். சட்டை தோளில் தொங்கியது, கால்சட்டை கயிறு கேட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு என்னைவிட ஒரு படி பின்னால் வந்தது. மூட்டை என்னவோ நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. சதை போய்விட்டது, அதனால்தான் கனக்கிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். அங்கேதான் ஏமாந்தேன்.

எங்கள் கிடங்கில் எடை போடுகிற விதம் உங்களுக்குத் தெரியாது, ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்தவரில்லை. பஞ்சு மூட்டை தராசில் தனியாக நிற்காது. நாலு பக்கமும் சரிந்து தரையில் உட்கார்ந்துகொள்ளும், முள்ளையும் மறைத்துவிடும். ஆகவே மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நான் தராசுமேல் நிற்பேன். எடை பார்க்கிற கண்ணாடிக்காரர் முள்ளைப் பார்த்து அதில் என் எடையைக் கழிப்பார். இருபத்தொன்பது வருஷமாக என் எடை மாறினதே இல்லை. அதனால் கண்ணாடிக்காரர் என்னை நிறுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, தராசுக்கு மேலே சுவரில் பெயிண்டால் 'ஆள் 82' என்று பெரிதாக எழுதி வைத்துவிட்டார். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த இரண்டு எண்ணையும் நூறு அடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். கிடங்கில் என் பேரே அதுதான். "எம்பத்திரண்டு, இங்க வா" என்பார்கள், போவேன்.

இப்போது புரிகிறதா? நான் எழுபத்தைந்து, சுவர் எண்பத்திரண்டு. பஞ்சு வாங்க வருகிற மெத்தைக்காரர்களுக்கு நாற்பது கிலோ மூட்டை கட்டி நான் தூக்கி நின்றால், முள்ளில் கழித்து முப்பத்து மூன்று என்பார் கண்ணாடிக்காரர். "இன்னும் அமுக்கு, இன்னும் அமுக்கு" என்று ஏழு கிலோவை மிதித்துத் திணிப்பார்கள். மூட்டை நிஜமாகவே கனத்திருக்கிறது மச்சான்! அதை நான் என் உடம்பின் குற்றம் என்று நினைத்திருக்கிறேன். அந்த நாட்களில் மெத்தைக்காரர்கள் என்னைக் கண்டால் அப்படி ஒரு மரியாதை. ஒருவர் எனக்கு நாற்காலி போட்டார். ஒருத்தராவது வாயைத் திறந்தாரா?

இருப்பைப் பார்க்கிற நாளில் கிடங்கில் ஒரு மூலையே காலி. "மூட்டையைத் தொடுற ஆள் நீங்க ஒருத்தர்தான். பஞ்சு எங்க போச்சு?" என்று முதலாளியம்மா கேட்டாள். 'நீங்க' என்றுதான் கேட்டாள். ஆனாலும் நாற்பது வருஷத்தில் என்னை யாரும் அந்தக் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன். அன்றைக்கு வெள்ளரிக்காயும் இறங்கவில்லை. விடிய விடிய ஒவ்வொரு மூட்டையாக மனசுக்குள் தூக்கிப் பார்த்தேன், எந்த நாள், எந்த மெத்தைக்காரர், முதுகில் எங்கே அழுத்தியது என்று. கிழக்கு வெளுக்கும்போது சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் போய் வெறுங்கையோடு தராசில் ஏறினேன். "அம்மா, முள்ளைப் பாருங்க, அப்புறம் சுவத்தைப் பாருங்க" என்றேன்.

பார்த்தாள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முள் மாறவில்லை. திருட்டுப் பேர் அந்த நிமிஷமே போய்விட்டது, அதுவரை சந்தோஷம். "அப்ப சுவத்துல எழுபத்தஞ்சுன்னு மாத்திடுங்க" என்றாள் அம்மா. கண்ணாடிக்காரர் விடுவாரா? "நாளைக்கு எழுபத்தாறு ஆவாரு, அடுத்த வாரம் எழுபத்திரண்டு ஆவாரு, நான் எத்தனை தடவைம்மா பெயிண்ட் அடிக்கிறது? சுவத்துல இருக்கிறது அப்படியே இருக்கட்டும், ஆளை மாத்தச் சொல்லுங்க" என்றார். ஒரு மாதம் லீவு. தின்று திரும்பி வரவேண்டும். பச்சைச் சீட்டு என்னாவது என்று கேட்டேன். "அது ஒரு வருஷத்துக்குச் செல்லும்" என்றாள்.

தின்றேன். சேச்சே, அது ஒரு வேலையா? முட்டையும் வெண்ணெயும் இனிப்பும், உங்கள் வீட்டிலிருந்து வந்த பன்னும். படுத்தேன், எழுந்தேன், தின்றேன். சரியாக இருபத்தெட்டாம் நாள் எண்பத்திரண்டு. போன புதன்கிழமை குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். (அண்ணா, இந்த 'போனாய்' அவர் சொன்னது. மாற்றி எழுதினால் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவார்.) இறங்கினேன், மல்லாந்தேன், நீல ஓடுகளைப் பார்க்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். கூரைதான் தெரிந்தது. மிதக்கிறேன்! நீ கைதட்டினாய். அந்த டீச்சரம்மா கைதட்டவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, "அதே எடைதான் ஐயா, ஆனா ஆளு மாறிட்டீங்க" என்றாள். உனக்கு அது பாராட்டு. நான் என் கையை நானே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தராசில் ஏறினேன். முள் எண்பத்திரண்டு, சுவர் எண்பத்திரண்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் பச்சைச் சீட்டு. கண்ணாடிக்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முதுகில் மூட்டையை வைத்தார்கள். முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன், மச்சான். குளத்தில் உட்கார்ந்த மாதிரியே. எழுப்பிவிட நாலு பேர். சீட்டுக்கும் சுவருக்கும் என்மேல் ஒரு குறையும் இல்லை, மூட்டைக்கு மட்டும்தான் உண்மை தெரிந்திருக்கிறது.

இப்போது எனக்கு உட்கார்ந்த வேலை. கோணி ஊசியால் மூட்டையின் வாயைத் தைக்கிறேன். ஆமாம், தையல்தான். சிரி, நன்றாகச் சிரி. தராசில் வேறு ஒருத்தர் நிற்கிறார், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், அறுபத்தொரு கிலோ. எனக்காக மாற்ற முடியாத அந்தச் சுவரை அவருக்காகக் கண்ணாடிக்காரர் ஒரே இழுப்பில் அழித்து எழுதிவிட்டார். பெயிண்ட் காய்கிறவரைக்கும் நான் தைத்துக்கொண்டே பார்த்தேன். மதியம் யாரோ "எம்பத்திரண்டு" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆகவே தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது: இனி குளம் என்ற பேச்சை என்னிடம் எடுக்க வேண்டாம். குளத்துக்கென்று தாங்கள் கொடுத்த துண்டும் கால்சட்டையும் துவைத்து இத்துடன் வருகின்றன. எந்த விஷயத்திலும் இனி எனக்கு ஆலோசனை வேண்டாம். தங்கள் வீட்டம்மாவின் மூட்டுவலி தீரட்டும், தங்கள் ஊசி முறியாமல் ஓடட்டும், எல்லோரும் நல்லபடியாக இருங்கள். தூர இருங்கள்.

இப்படிக்கு,
பழைய எண்பத்திரண்டு
(கைநாட்டு)

பின்குறிப்பு: உங்கள் தங்கை அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். இதை எழுதுவது பக்கத்து வீட்டுத் தபால்காரர், இவர் யாரிடமும் சொல்லமாட்டார். துண்டையும் கால்சட்டையும் நான் அனுப்பவில்லை, கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. புதன்கிழமை குளத்துக்கு எனக்கும் சேர்த்து நுழைவுச் சீட்டு வாங்கி வையுங்கள். அன்றைக்கு மிதந்தபோது கொஞ்ச நேரம் கையைப் பின்னால் விட்டுத் துழாவிப் பார்த்தேன், மச்சான். முதுகில் ஒன்றுமே இல்லை.